இரண்டே முக்கால் மைல்

சென்ற மாதம் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் பேச என்னை அழைத்திருந்தார்கள். மேசைமேல் புதிய கையேடு ஒன்று இருந்தது. எல்லாப் பாடங்களையும் வரைபடத்தின் வழியாகக் கற்பிக்கும் நவீன முறையை அது விளக்கியது. கணக்கு, மொழி, சரித்திரம், சுகாதாரம் அனைத்துக்கும் வரைபடம். நன்றாகவே எழுதியிருந்தார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த இளம் ஆசிரியை, "உங்க காலத்துல இதெல்லாம் இருந்திருக்காதே டீச்சர்" என்று அன்போடு சொன்னார். அவர்மீது எனக்குக் கோபமில்லை; கையேட்டின்மீதும் இல்லை. ஆயினும் அந்தச் சொல் ஒரு பழைய கோபத்தைக் கிளப்பிவிட்டது. எனக்குக் கொடுத்திருந்த பதினைந்து நிமிடத்தில் அதைச் சொல்லி முடிக்க இயலவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையின் மகளாகப் பிறந்தவள். பயிற்சிக் கல்லூரியில் கழித்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தையலும் ஆர்மோனியமும் குழந்தை உளவியலும் கற்றேன். வரைபடத்தைப் பற்றி அங்கே கற்றதெல்லாம் அதைச் சுவரில் நேராக மாட்டுவது எப்படி என்பதுதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நோர்வூட்டுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்தது. ஒரே மண்டபம், ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். மற்றவர் தலைமை ஆசிரியர் பொன்னம்பலம் மாஸ்டர்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எழுந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அந்தக் கடிகாரம் ஒருநாளும் நின்றதில்லை என்பதிலிருந்து அவருடைய பொறுமையின் அளவை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பயந்தவர், மேலிடத்துக் கடிதத்துக்கு அதைவிடப் பயந்தவர். இருந்தும், நான் கண்ட மேலதிகாரிகளுள் என் மதிப்புக்குரியவர் அவர் ஒருவர்தான். அதற்கான காரணம் பின்னால் வரும்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டங்களை விட்டுச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போகுமுன் பங்களாச் சாமான்களை ஏலம் போடுவார்கள். எங்கள் சின்னத்துரையின் ஏலத்தில் ஆபீஸ் கிளாக்கர் கிராமபோனை எடுத்தார். மருந்துக்காரர் திரைச்சீலைகளை எடுத்தார். ஒருவரும் தொடாமல் மூலையில் கிடந்த காகிதச் சுருளை நான் எடுத்தேன். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத் தாள் அது. ஓர் அங்குலம் தரையில் ஒரு மைல். நூறு அடிக்கொரு சமவுயரக் கோடு. எங்கள் மலையும் ஆறும் ரயில் பாதையும், நெல்மணியளவு கறுப்புக் கட்டங்களாகத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயங்களும் அதில் இருந்தன.

மறுநாள் அதைத் தரையில் விரித்தபோது பிள்ளைகள் சுற்றிலும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பிறகு நான்காம் வகுப்பு முத்தம்மா குனிந்து, ஒரு கறுப்புக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இதுக்குள்ளயா டீச்சர் நாங்க எட்டுப் பேரும் படுத்திருக்கோம்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. என் பாடத்திட்டம் அந்தச் சிரிப்பில்தான் பிறந்தது. தேங்காயெண்ணெய் தடவி ஒளி ஊடுருவச் செய்த காகிதத்தை அதன்மேல் வைத்துப் படியெடுத்தோம். வளைந்து செல்லும் பாதையின்மேல் ஈரநூலை ஒட்டிவைத்து, பின் அதை நிமிர்த்தி அளந்து, மைல் கணக்குப் போட்டோம். லயத்திலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் வழியைப் புதிதாய் வந்த ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுவது தமிழ்க் கட்டுரை. பழைய அட்டைப்பெட்டிகளைச் சமவுயரக் கோடுகளின்படி வெட்டி அடுக்கடுக்காய் ஒட்டியபோது, எங்கள் மலை மேசைமேல் எழுந்து நின்றது; அதன்மேல் ஒரு சிரட்டைத் தண்ணீரை ஊற்றி, லயத்தின் எந்தத் தண்ணீர்ப் பீலிக்கு எங்கிருந்து நீர் வருகிறது என்று பார்ப்பது விஞ்ஞானம். பாட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்துவந்த பாதையை இலங்கைப் படத்தில் குறிப்பது சரித்திரம். இந்த நாட்டுக்கு உரியவர்களல்லர் என்று குடியுரிமைச் சட்டம் சொல்லிவிட்டிருந்த பிள்ளைகள், அந்த நாட்டைக் கோடு பிசகாமல் வரைந்தார்கள்.

"பிள்ளை, உந்தப் படத்தோட மினக்கெட்டுக்கொண்டிருந்தா வாய்ப்பாடு ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்று மாஸ்டர் கேட்டார். முத்தம்மாவை அழைத்து, படத்தில் முக்கால் அங்குலத்துக்குத் தரையில் எத்தனை கெஜம் என்று அவளிடம் கேட்கும்படி மாஸ்டரிடம் சொன்னேன். கேட்டார். அவள் சொன்னாள். அன்று கடிகாரத்துக்குச் சாவி கிடைக்கவில்லை.

எங்கள் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க ஆற்றுக்கு அக்கரையில், பள்ளத்தாக்கில் இருந்த அரசாங்கப் பாடசாலைக்குத்தான் போகவேண்டும். ஆற்றுக்குப் பாலம் இல்லை. மழையற்ற மாதங்களில் பாறைகளின்மேல் கால்வைத்துக் கடக்கலாம். மற்றக் காலத்தில் பெருந்தெரு வழியாகச் சுற்றிப் போகவேண்டும். ஆண்பிள்ளைகளுள் ஒருவர் இருவர் நோர்வூட்டில் உறவினர் கடையில் தங்கிப் படித்தார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அப்படி அனுப்பமாட்டார்கள். அவர்கள் அடுத்த மாதமே தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொள்வார்கள்.

முத்தம்மா ஐந்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டு, எங்கள் பாடசாலையிலேயே ஆறாம் வகுப்புக் கேட்டு விண்ணப்பித்தோம். அவளுடைய தாய் பாக்கியத்திடமும் சொல்லிவைத்தேன்.

"நீங்க சொல்றீங்கன்னு பேர் பதியாம வைக்கிறேன் டீச்சரம்மா. ஆனா வகுப்பு வரலன்னா எம்மேல கோவிச்சுக்கக்கூடாது" என்றாள் அவள்.

விண்ணப்பத்தை விசாரிக்க வித்தியாதரிசி வந்தார். பாடசாலைகளைப் பரிசோதிப்பவரை அப்போது அப்படித்தான் அழைப்போம். மெலிந்த உடல், வெண்ணிறக் கோட்டு, மிக மென்மையான பேச்சு. பிள்ளைகளின் அட்டை மலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து மனமாரப் பாராட்டினார். பிறகு, அரசாங்கப் பாடசாலை மூன்று மைலுக்குள் இருந்தால் மேல்வகுப்புத் தருவதற்கில்லை என்னும் விதியை எங்களுக்கு நினைவூட்டினார்.

"நல்லவேளை, உங்களிடமே வரைபடம் இருக்கிறது" என்றார்.

எங்கள் தாளையே விரித்தார். சட்டைப்பையிலிருந்து அங்குலக் கோடுகள் போட்ட, தந்தத்தாலான சிறிய அடிமட்டத்தை எடுத்தார். அதன் ஒரு முனையை எங்கள் பாடசாலையிலும் விளிம்பை அக்கரைப் பாடசாலையிலும் பொருத்தினார். மயிரிழையும் பிசகாத கவனம்.

"இரண்டே முக்கால் மைல். வருந்துகிறேன் அம்மா."

"சார், அந்தக் கோட்டுல ஆறு கெடக்குங்க" என்று முத்தம்மா சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "கெட்டிக்காரி" என்றார். அடிமட்டத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அடுத்த வாரம் முழுவதும் எங்கள் கணக்குப் பாடம் ஒன்றே: பெருந்தெரு வழியாக உண்மையான தூரம் எவ்வளவு? நூலை வைத்துத் தாளில் அளந்தோம். தாளில் அளந்தது போதாது, தரையில் அளந்து காட்டவேண்டும் என்று நினைத்தேன். கயிற்றில் முடிச்சிட்டு, இருவர் பிடிக்க ஒருவர் எழுத, பாடசாலை வாசலிலிருந்து அளந்துகொண்டு போனோம். இரண்டாம் நாள் மாலை, மலைகளில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பாடசாலைக்கு வந்தார்.

"என்ன டீச்சரம்மா, தோட்டத்தையே அளக்குறீங்களாமே. பங்கு பிரிக்கப் போறீங்களா?"

"பிள்ளைகளுக்குக் கணக்குங்க ஐயா."

"கணக்குன்னா நீங்க சொல்றீங்க. யூனியன்காரன் சொல்லித்தான் அளக்குறாங்கன்னு காலையில பேர் கூப்பிடுறப்போ பெரட்டுக் களத்துல பேசிக்கிறாங்க. தொரை காதுக்குப் போயிருச்சு. நாளைக்கு ஆபீசுக்கு வரச்சொன்னாரு."

தொழிற்சங்கம் நிலத்தைக் கேட்கப் போகிறது என்ற வதந்தி அந்த ஆண்டு எல்லாத் தோட்டங்களிலும் இருந்தது. பதினொரு வயதுப் பெண்ணின் கையிலுள்ள முடிச்சுக் கயிற்றில் நிலச் சீர்திருத்தத்தைக் கண்டவர்களை எண்ணி நான் சிரித்திருக்கலாம். சிரிக்க முடியவில்லை.

துரை ஆபீசில் நாற்காலி தரப்படவில்லை. மாஸ்டரும் நானும் நின்றோம்.

"டீச்சர், கயிறு எதுக்கு? யூனியன் ஆளு சொல்லிச்சா?" என்று துரை தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் ஓரடி முன்னே வந்தார். "நான்தான் செய்யச் சொன்னனான், சேர். பாடத்திட்டம்" என்றார். அப்படி அவர் சொல்லவேயில்லை. அவருடைய கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். தோட்ட எல்லைக்குள் இனிமேல் கயிறு பிடிக்கக்கூடாது என்ற உத்தரவோடு எங்களை அனுப்பினார்கள்.

"நீர் செய்யிறதைச் செய்யும் பிள்ளை. ஆனா எனக்குத் தெரியாமச் செய்யும்" என்றார் மாஸ்டர், திரும்பி வரும் வழியில்.

வழி கண்டுபிடித்தவள் முத்தம்மா. "கயிறுதானே டீச்சர் கூடாது? சக்கரம் உருட்டலாம்ல?" மருந்துக்காரரின் பழைய சைக்கிள் வளையம் ஒன்று இருந்தது. அதன் சுற்றளவை நூலால் அளந்து, ஓரிடத்தில் சிவப்புத் துணியைக் கட்டினோம். பிள்ளைகள் குச்சியால் தட்டித் தட்டி அதை உருட்டிக்கொண்டு போனார்கள். துணி தரையைத் தொடும்போதெல்லாம் ஒருத்தி மெதுவாக எண்ணினாள். எதிரே வந்த கண்டாக்கையா ஒதுங்கி வழிவிட்டு, "அப்புடி வெளையாடுங்க புள்ளைங்களா, அதான் நல்லது" என்று ஆசி கூறிவிட்டுப் போனார். மூன்று சனிக்கிழமைகளில் அக்கரைப் பாடசாலை வாசல்வரை அளந்து முடித்தோம். ஏழு மைலுக்கு மேல் வந்தது.

அந்தக் கணக்கைப் படத்தோடு இணைத்து மேன்முறையீடு செய்தேன். பதில் வரப் பல மாதங்களாயின. முத்தம்மா ஐந்தாம் வகுப்பிலேயே இரண்டாம் ஆண்டும் அமர்ந்திருந்தாள். தெரிந்த பாடத்தையே மறுபடி கேட்பது எவ்வளவு சலிப்பு என்பதை அவள் ஒருமுறைகூட முகத்தில் காட்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஈரநூல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள்.

தென்மேற்குப் பருவமழையின் நடுவே வித்தியாதரிசி மீண்டும் வந்தார். "உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் என் கணக்கிலும் பிழையில்லையே" என்றார்.

"உங்கள் கோட்டிலேயே நடந்து பார்ப்போம், ஐயா" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. அதை அவருக்கு ஆதரவாகச் சொல்லத்தான் வேண்டும். மாஸ்டர் குடையோடும், நான் சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டும், முத்தம்மா தலையில் படங்குச் சாக்கோடும் இறங்கினோம். தேயிலைச் செடிகளுக்கிடையே வழுக்கும் படிகள். இரண்டிடத்தில் அவர் விழப்பார்த்தார். முத்தம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் காலுறையில் ஏறியிருந்த அட்டைகளைச் சவுக்காரத் துண்டால் தொட்டு ஒவ்வொன்றாக உதிர்த்தாள். கீழே போய்ச் சேர்ந்தபோது பாறை ஒன்றுகூடத் தெரியவில்லை. செந்நிற வெள்ளம் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. பேசினால் காதில் விழாத இரைச்சல்.

அவர் குனிந்து அவள் காதருகே கேட்டார். "இதை நீ கடப்பாயா?"

"நீங்க முன்னால போங்க சார், நான் பின்னாலேயே வாறேன்."

அவர் சிரித்துவிட்டார். மாஸ்டரும் சிரித்தார். மூச்சிரைக்க மேலேறி வந்த பிறகு, தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "கண்ணால் கண்டேன் அம்மா. கண்டதை எழுதுவேன்" என்றார். நான் நம்பினேன். பாக்கியத்திடம் போய்ச் சொன்னேன். அன்று அந்த லயத்தில் எனக்குச் சீனி அதிகமாகப் போட்ட தேநீர் கிடைத்தது.

ஆவணியில் பதில் வந்தது. வரைபடத்தின்படி தூரம் இரண்டே முக்கால் மைல் என்பது மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. ஆதலால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

மாஸ்டரிடம் விடுப்புக் கேட்டுக்கொண்டு வித்தியாதரிசியின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார், உட்காரச் சொன்னார்.

"பாதை கடினமானது என்று எழுதினேன் அம்மா. ஆனால் விதி கேட்பது தூரத்தை. அந்த இடத்தில் அடிமட்டம் சொன்னதைத்தான் நான் நிரப்ப முடியும்."

"நீங்கள் ஆற்றங்கரையில் நின்றீர்கள், ஐயா."

"நின்றேன். மேலே இருப்பவர்கள் நிற்கவில்லையே."

"அவர்களிடம் நீங்கள் போய்ச் சொல்லலாமே."

அவர் மேசைமேலிருந்த பேனாவை நேராக்கி வைத்தார். "இப்படி இந்த ஒரு பாடசாலை மட்டும்தான் என்றிருந்தால் சொல்வேன்" என்றார்.

இத்தனை ஆண்டுகளாக என்னுள் ஆறாமலிருப்பது அந்தப் பதில். அறியாமையோடு எனக்குப் பகை கிடையாது. ஆசிரியத் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. துரைக்குத் தெரியாது, கண்டாக்கையாவுக்குத் தெரியாது, அவர்களை மன்னித்துவிட்டேன். இவருக்குத் தெரியும். வெள்ளத்தின் நிறம் தெரியும், சறுக்கியபோது தம்மைத் தாங்கிய கையின் அளவு தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு குழந்தையின் படிப்பை நேர்கோட்டால் அடித்துவிட்டு, அதற்காக வருந்தவும் செய்தார். இப்படிப்பட்ட இடங்கள் பல உண்டு என்பதையே, ஓரிடத்தையும் திருத்தாமலிருப்பதற்குக் காரணமாகச் சொன்னார். கல்வி ஒரு மனிதருக்குத் தரக்கூடிய எல்லாவற்றையும் பெற்றிருந்தார் அவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் தொழிலின்மீதே எனக்கு வெறுப்பு வந்தது.

திரும்பி வந்து நானே லயத்துக்குப் போய்ச் சொன்னேன். பாக்கியம் அடுப்பிலிருந்து தலை நிமிரவில்லை.

"பேர் பதியலயான்னு கங்காணி தெனமும் கேக்குறாரு டீச்சரம்மா. வயசுக்கு வரப்போற புள்ளைய ஊட்டுல குந்த வச்சா லயத்துல என்ன பேசுவாங்க? நீங்க முடிஞ்சதச் செஞ்சீங்க."

முத்தம்மா கதவோரம் நின்றாள். "நாளைக்கு எந்த மலையில கொழுந்தும்மா?" என்று தாயிடம் கேட்டாள். கேள்வி தாயிடம்தான், ஆயினும், இனி நான் வருந்தவேண்டாம் என்று எனக்குச் சொல்வதற்காகவே அதைக் கேட்டாள் என்று எண்ணுகிறேன்.

அதன்பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆண்டுதோறும் விண்ணப்பித்தேன். ஆண்டுதோறும் அதே இரண்டே முக்கால் வந்தது. அதற்குள் பள்ளத்தாக்கில் ஆற்றை மறித்து அணை கட்டத் தொடங்கிவிட்டார்கள். நீர் எவ்வளவு உயரும் என்பதைப் பாறைகளில் சிவப்புச் சாயத்தால் குறித்துவைத்திருந்தார்கள். அணை கட்டி முடிந்து நீர் நிரம்பிய நாட்களில் பிள்ளைகளை மேட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். மலையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வளைந்து புகுந்து, எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் நின்றது நீரின் விளிம்பு. சமவுயரக் கோட்டை அதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியராலும் கற்பிக்க இயலாது.

அவ்வாண்டும் விண்ணப்பித்தேன். நேர்கோட்டின் நடுவே இப்போது ஒரு பெரிய ஏரி கிடக்கிறது என்றும் எழுதினேன். மறுக்கப்படவில்லை; ஆறாம் வகுப்பு அனுமதிக்கப்பட்டது. மகிழ்ச்சியோடு கடிதத்தை மறுமுறை படித்தேன். ஏரியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நீர் ஏறியதால் அக்கரைப் பாடசாலையை அப்பால் ஒரு மேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். புதிய கட்டடம் அடிமட்டத்தின்படி மூன்று மைலுக்குச் சற்று வெளியே விழுந்துவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

இளம் ஆசிரியைகளுக்கு இதையே சொல்ல விரும்புகிறேன். வரைபடத்தைத் தாராளமாக வகுப்புக்குக் கொண்டுபோங்கள். கணக்கும் தமிழும் சரித்திரமும் அதில் இருக்கின்றன. ஆனால் உங்கள் மாணவருள் எவரேனும் நாளை மேசைக்குப் பின்னால் அடிமட்டத்தோடு உட்காரக்கூடும். அவர் கோட்டில் ஒருமுறை நடந்துவிட்டு வந்து, நடக்காதவரைப் போல எழுதுவாராயின், நீங்கள் கற்பித்தது வீண்.

ஆறாம் வகுப்புத் தொடங்கிய காலையில் ஒன்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களுள் ஐவர் பெண்கள். வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டு முடிந்து மலைக்குப் போகும் வழியில் முத்தம்மா, கூடையும் இடுப்பில் படங்குச் சாக்கும் அணிந்தபடி, தன் தங்கை சரசுவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பதினெட்டு வயது. முந்திய தை மாதத்தில் அவளுக்குத் திருமணமாகியிருந்தது.

"இவளச் சேத்துக்குங்க டீச்சர். வாய் கூட, ஆனா புத்தி இருக்கு."

"ஒன்னவிடக் கொறச்ச வாய்தான்" என்றாள் சரசு.

பெயரை எழுதிக்கொண்டேன். முத்தம்மா போகாமல், வாசலில் நின்று ஏரிக்கு அப்பால் பார்த்தாள். காலை வெயிலில் புதிய பாடசாலையின் தகரக் கூரை மினுங்கியது.

"அந்த ஸ்கூல் தள்ளிப்போனதுனாலதான் நமக்குக் குடுத்தாங்களாமே, மாஸ்டர் சொன்னாரு. நம்ம சக்கரம் உருட்டுனதுக்கு இல்லியாம்."

"ஆமாம், முத்தம்மா."

"அன்னைக்கே சொல்லியிருந்தா, கல்லுக் கல்லாத் தூக்கி நாங்களே அந்தப் பக்கம் வச்சிருப்போமே டீச்சர். கொஞ்ச தூரந்தானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மேலே மலையிலிருந்து கங்காணி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு, வகுப்பின் பக்கம் திரும்பிப் பாராமல், செங்குத்துப் படிகளில் வேகமாக ஏறிப்போனாள்.